உயில் நிறைவேற்றுபவரிடம் கணக்குக் கேட்கலாம்

ஒரு தாய் உயில் எழுதிவைத்துவிட்டு இறந்துபோகிறார். வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மூத்த மகனுக்கு. ஒன்றரை வருடம் கழித்து வெளியூரில் இருக்கும் மகள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், வீடு கைமாறியிருக்கிறது. கிரயப் பத்திரத்தில் அண்ணனின் கையெழுத்து மட்டும் இருக்கிறது, ‘மேற்படியாரின் கடைசி உயிலின் நிறைவேற்றாளர் என்ற முறையில்’ என்ற வாசகத்தோடு. எந்தக் குடும்பத்தின் உண்மைக் கதையும் அல்ல இது. சிவில் வழக்கறிஞர்களிடம் போய்ச் சேரும் எத்தனையோ தகராறுகளின் பொது வடிவம். அந்த மகள் கேட்கும் முதல் கேள்வி, “என் கையெழுத்து இல்லாமல் எப்படி விற்க முடியும்?” என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கோபம்தான். ஆனால் சட்டத்தின்படி அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் அவருக்குச் சாதகமாக இருக்காது. உயில் தடுக்காதவரை நிறைவேற்றாளர் விற்கலாம். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஒரு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, “கணக்கு எங்கே?” என்பது. உயில் நிறைவேற்றாளருக்கு நம் சட்டம் தரும் அதிகாரம் மிகப் பெரியது. அதற்கு ஈடாகப் பயனாளிக்கு உள்ள முதன்மையான பாதுகாப்பு கணக்குக் கேட்கும் உரிமை. அந்த உரிமையைத்தான் நம் குடும்பங்கள் மரியாதைக் குறைவு என்று ஒதுக்கிவைத்திருக்கின்றன, நம் சட்டமும் அரைமனதோடு கொடுத்திருக்கிறது.

அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 211-ஆம் பிரிவில், இறந்தவரின் சொத்து முழுவதும் நிறைவேற்றாளர் என்ற முறையில் அவர் வசம் போய்ச்சேரும் என்கிறது. எல்லா வகையிலும் அவரே இறந்தவரின் சட்டப்பூர்வப் பிரதிநிதி. வாடகை வசூலிக்கலாம், கடன்காரர்மீது வழக்குப் போடலாம், வங்கியில் பேசலாம். 307-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், அந்தச் சொத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ தாம் உசிதமெனக் கருதும் விதத்தில் விற்கலாம் என்கிறது. இந்துக்கள், முஸ்லிம்கள் போன்றோரின் அசையாச் சொத்து என்றால், உயிலிலேயே எழுதப்பட்ட தடைக்கு மட்டும் அவர் கட்டுப்பட வேண்டும். உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்து புரொபேட் வாங்கிய பிறகு, அந்த நீதிமன்றம் எழுத்துமூலம் அனுமதித்தால் அந்தத் தடையைக்கூடத் தாண்டலாம். உயில் இல்லாதபோது நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகிக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. முன் அனுமதி இல்லாமல் அவர் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. நீதிமன்றம் தேர்ந்தெடுத்தவருக்குக் கடிவாளம், இறந்தவர் தேர்ந்தெடுத்தவருக்குத் தாராளம். இறந்தவர் வைத்த நம்பிக்கைக்குச் சட்டம் கொடுக்கும் மதிப்பு அது.

இந்த அதிகாரம் எந்தக் கணத்தில் பிறக்கிறது என்ற கேள்விக்கு விடை வந்ததில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் என்று அன்று அழைக்கப்பட்ட மலாயாக் கடற்கரைப் பகுதியிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன மெய்யப்பச் செட்டி – சுப்பிரமணியன் செட்டி வழக்கில், 1916-ல் தீர்ப்பு வந்தது. நிறைவேற்றாளரின் அதிகாரம் உயிலிலிருந்தே வருகிறது, புரொபேட்டிலிருந்து அல்ல. உயில் எழுதியவர் இறந்த கணமே சொத்து அவர் வசமாகிறது. அந்த அதிகாரத்தை மெய்ப்பிக்கும் வழிதான் புரொபேட் என்று அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. நூறு ஆண்டு கடந்தும் இந்திய நீதிமன்றங்கள் அதை எடுத்தாள்கின்றன. அதாவது நீதிமன்றத்தின் பக்கமே போகாத ஒரு நிறைவேற்றாளரும் சொத்தின்மேல் கைவைக்கும் தகுதியோடுதான் இருக்கிறார்.

அப்படியானால் பயனாளிக்கு என்னதான் இருக்கிறது? உயிலில் பெயர் இருக்கிறது, பங்கும் எழுதப்பட்டிருக்கிறது; ஆனால் அந்தப் பங்கின்மீது அவருடைய பாத்தியதை முழுமைபெற நிறைவேற்றாளரின் இசைவு வேண்டும் என்கிறது 332-ஆம் பிரிவு. இந்த இசைவு பத்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாய்ச்சொல்லாக இருக்கலாம், நடந்துகொள்ளும் விதத்திலிருந்தும் தெரியலாம். கொடுத்துவிட்டால், இறந்த நாளிலிருந்தே பங்கு பயனாளிக்குச் சேர்ந்ததாக ஆகும். கொடுப்பதற்கு நிறைவேற்றாளருக்கு ஓராண்டு அவகாசம்; இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் முடியும்வரை எந்தப் பங்கையும் ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பலருக்கு இந்த ஓராண்டு அநியாயமாகப் படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பங்கு பிரிப்பதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் அவ்வளவு இருக்கின்றன. ஈமச்சடங்குச் செலவும் கடைசி நாட்களின் மருத்துவச் செலவும் முதலில். அடுத்து புரொபேட் செலவு. அதற்கடுத்து, இறப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்த கூலியாட்கள், வீட்டுப் பணியாளர்களின் சம்பள பாக்கி. பிறகு மற்றக் கடன்கள். இவையெல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சுவதுதான் பயனாளிகளுடையது. வீட்டில் சமையல் செய்தவரின் சம்பளம் மகனின் பங்குக்கு முன்னால் வருகிறது என்ற இந்த வரிசைமுறை எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று.

இந்த வரிசையைப் பார்த்தால் நிறைவேற்றாளரின் கையில் இருப்பது எப்படிப்பட்ட உரிமை என்பதும் புலப்படும். பத்திரத்தில் அவர் பெயர் இருக்கலாம். சொத்தின் சுகம் அவருடையது அல்ல. கடன் தீர்க்கவும் பங்கு பிரிக்கவுமே சொத்து அவர் வசம் வந்தது. ஆகவே அந்த மகளின் அண்ணன் விற்றாரா இல்லையா என்பதைவிட, எதற்காக விற்றார், என்ன விலைக்கு விற்றார், யாருக்கு விற்றார், பணம் எங்கே என்பவைதான் சட்டம் கவனிக்கும் கேள்விகள். அடமானக் கடனை அடைக்க நியாயமான விலைக்கு விற்று, மீதியை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தால் அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தம் மனைவியின் பெயரில் வாங்கியிருந்தால் கதையே வேறு. நிறைவேற்றாளர் நேரடியாகவோ மறைமுகமாகவோ இறந்தவரின் சொத்தைத் தாமே வாங்கினால், அந்த விற்பனையைச் சம்பந்தப்பட்ட எவரும் ரத்துசெய்ய வைக்கலாம் என்கிறது 310-ஆம் பிரிவு. விலை நியாயமாக இருந்ததா என்ற விசாரணையைக்கூட அந்தப் பிரிவு கேட்கவில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே என்றால் அங்கே பேரம் நடந்திருக்க முடியாது என்பதுதான் அதன் நியாயம்.

தப்பு செய்வது மட்டுமல்ல, சும்மா இருப்பதும் நிறைவேற்றாளரை மாட்டிவிடும். 368, 369 ஆகிய பிரிவுகள் இதைப் பேசுகின்றன. அவற்றோடு சட்டம் தரும் எடுத்துக்காட்டுகள், நூறு வருடம் தாண்டியும், நம் தெருவில் நடப்பவைபோலவே இருக்கின்றன. ஆதாரமில்லாத ஒரு கோரிக்கைக்கு நிறைவேற்றாளர் சொத்திலிருந்து பணம் கொடுத்துவிடுகிறார்: நஷ்டத்தை அவர் ஈடுகட்ட வேண்டும். இறந்தவருக்கு மதிப்புமிக்க குத்தகை ஒன்று இருந்தது, குறித்த காலத்தில் நோட்டீஸ் கொடுத்தால் புதுப்பித்திருக்கலாம், அவர் கொடுக்கவில்லை: அதுவும் அவர் தலையில். திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடன்காரரை, தெரிந்தவர் என்று விட்டுவிடுகிறார். அல்லது காலாவதி ஆகும்வரை வழக்குப் போடாமல் இருந்துவிடுகிறார்: அந்தத் தொகையை அவர் தம் கையிலிருந்து போட வேண்டும். ‘நான் ஒரு பைசா எடுக்கவில்லை’ என்பது நம் ஊரில் முழுமையான நற்சான்று. இந்தச் சட்டத்தின் முன்னால் அது பாதிச் சான்றுதான். வர வேண்டியது வந்து சேர்ந்ததா என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் இந்தப் பொறுப்புகள் எல்லாம் உயிர்பெறுவது ஒரே ஓர் இடத்தில், கணக்கில். என்னென்ன இருந்தது என்று தெரியாத பயனாளியால், எது காணாமல் போனது என்று சொல்ல முடியாது. சட்டம் இதை அறிந்தே 317-ஆம் பிரிவை வைத்தது. புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்து, கடன், வரவேண்டிய பாக்கி அனைத்தின் முழுப் பட்டியலையும் நீதிமன்றத்தில் தாக்கல்செய்ய வேண்டும். ஓராண்டுக்குள் எது எப்படிச் செலவானது என்ற கணக்கையும் கொடுக்க வேண்டும். தெரிந்தே பொய்ப் பட்டியல் கொடுப்பது குற்றம். காரணமில்லாமல் கணக்குத் தராதிருப்பது புரொபேட்டையே ரத்துசெய்யப் போதுமான காரணம். கேட்பதற்குக் கறாராக இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், தொடக்கத்திலேயே: ‘புரொபேட் கிடைத்த’ என்ற நிபந்தனையில்.

சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட, அல்லது அந்த எல்லைக்குள் உள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்கு நீண்ட காலம் புரொபேட் கட்டாயமாக இருந்தது. மும்பை நகரத்துக்கும் பழைய வங்காள மாகாணத்துக்கும் அப்படியே. மதுரையில் எழுதி மதுரைச் சொத்தைப் பற்றி மட்டும் பேசும் உயிலுக்கு அது தேவைப்படவில்லை. முஸ்லிம்களுக்குத் தேவையில்லை, 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் தேவையில்லை. ஆங்கிலேயர் காலத்து எல்லைக்கோடு, இன்றைய குடிமக்களின் உயிலுக்கு வெவ்வேறு விதி வைத்துக்கொண்டிருந்தது நியாயமே இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அந்தக் கட்டாயத்தைச் சொன்ன 213-ஆம் பிரிவையே நீக்கியது. நான் அதை வரவேற்கிறேன். தகராறே இல்லாத ஒரு குடும்பம், இருக்கும் ஒரே ஃபிளாட்டுக்காக வருடக்கணக்கில் உயர் நீதிமன்றத்துக்கு நடந்த அவஸ்தைக்கு முடிவு வந்தது நல்லதுதான். ஆனால் அந்த வாசலோடு சேர்ந்து, வாசலில் நின்ற கணக்குப்பிள்ளையும் போய்விட்டார். புரொபேட் வாங்காத நிறைவேற்றாளருக்கு 317-இன் ஆறு மாதக் கெடு ஓடத் தொடங்குவதே இல்லை. நிறைவேற்றாளருக்கு உயர் நீதிமன்றம் உத்தரவுகள் பிறப்பிக்க வழிசெய்யும் 302-ஆம் பிரிவும் புரொபேட் கொடுக்கப்பட்ட பிறகுதான் என்கிறது. அதிகாரம் இறந்த கணத்திலேயே பிறக்கிறது. மேற்பார்வை மட்டும், கேட்டு வாங்கினால்தான் வரும். மதுரையிலும் கோவையிலும் எப்போதும் இருந்த இந்த ஏற்றத்தாழ்வு இப்போது சென்னைக்கும் பொதுவாகியிருக்கிறது.

கணக்குக் கேட்க வேண்டும் என்பதற்கு வரும் முதல் ஆட்சேபம் உணர்வு சார்ந்தது. அம்மாவே நம்பிக் கொடுத்த பொறுப்பு; அண்ணனிடம் கணக்குக் கேட்பது அம்மாவையே சந்தேகிப்பதுபோல ஆகாதா? இதை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. கருமாதி முடிந்த கையோடு பாஸ்புக்கைக் கேட்கும் தங்கையை உறவினர் எப்படிப் பார்ப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் உயில் எழுதியவரின் நம்பிக்கை அண்ணன்மீது மட்டும் இருக்கவில்லை. மூன்று பேருக்கும் பங்கு என்று எழுதினாரே, அந்த வாக்கும் அவருடையதுதான். நிறைவேற்றாளரை நியமித்த வரியை மட்டும் மதித்து, பங்கைச் சொல்லும் வரியைப் பற்றிப் பேசக் கூடாது என்றால் பாதி உயிலைத்தான் மதிக்கிறோம். அதோடு, கணக்கு முதலில் காப்பாற்றுவது நேர்மையான நிறைவேற்றாளரைத்தான். பத்து வருடம் கழித்து ‘அம்மாவின் வளையல் எட்டு இருந்ததே’ என்று யாராவது கிளப்பும்போது, முதல் மாதத்திலேயே எல்லோரும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று அவரிடம் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நேர்மையான நிறைவேற்றாளர்கள் மட்டும் இருந்திருந்தால் வேறு வரலாறு நடந்திருக்கும் என்பதற்குப் பச்சையப்ப முதலியாரின் உயிலே சான்று. துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாகப் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1794-ல் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் தம் செல்வத்தை அறப்பணிகளுக்கு எழுதிவைத்தார். பிறகு அந்தச் சொத்து பொறுப்பாளர்களுக்கும் உறவினர்களுக்கும் இடையே சிக்கிப் பல பத்தாண்டுகள் வழக்கில் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டு, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்ற பிறகே நிதி மீண்டது. அதன் உபரியிலிருந்து 1842-ல் இன்றைய ஜார்ஜ் டவுனில் பள்ளி திறக்கப்பட்டு, பின்னாளில் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. உயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே ஏறக்குறைய அரை நூற்றாண்டு. அந்த உயிலின் பயனாளிகள் கோயில்களும் ஏழைகளும். கணக்குக் கேட்டுப் படியேற ஆளில்லாதவர்கள். இன்று அந்த இடத்தில் இருப்பவர்கள் மைனர் பேரப்பிள்ளைகள், ஆயுள்கால அனுபவ உரிமை மட்டும் பெற்ற விதவைகள், வெளிநாட்டில் இருக்கும் மகள்கள்.

இரண்டாவது ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. எனக்கு அதுவே கனமானதாகப் படுகிறது. நிறைவேற்றாளர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத சொந்தக்காரர்களோ குடும்ப நண்பர்களோதான். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேட்டால் யார் முன்வருவார்கள்? உயிலில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் அந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டியதில்லை, முடியாது என்று சொல்லிவிடலாம் என்பது இதற்கு முதல் பதில். சட்டமும் இந்த உழைப்பை வெறுமனே விட்டுவிடவில்லை. நிறைவேற்றாளருக்கே உயிலில் ஒரு பங்கு எழுதப்பட்டிருந்தால், அவர் உயிலை மெய்ப்பித்தோ வேறு வகையிலோ பொறுப்பை ஏற்கும் எண்ணத்தைக் காட்டாமல் அந்தப் பங்கை எடுக்க முடியாது என்கிறது 141-ஆம் பிரிவு. அதாவது அந்தப் பங்கு ஓரளவுக்கு இந்த வேலைக்கான பிரதிபலன் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. மற்றபடி நான் கேட்கும் கணக்கு ஆடிட்டர் போடும் கணக்கு அல்ல. சொத்தின் பட்டியல், வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட், வாடகை வரவு, வரிச் செலவு, கடன் தீர்த்த ரசீது. இறந்தவரின் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் இதில் முக்கால்வாசி தானாகவே வந்துவிடும். தம் பணத்தையும் இறந்தவர் பணத்தையும் ஒரே கணக்கில் கலந்து வைத்திருப்பவருக்குத்தான் கணக்குக் காட்டுவது பாரமாக இருக்கும்.

நீதிமன்றம் இருக்கிறதே, பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடட்டுமே என்பது மூன்றாவது வாதம். வழிகள் இருப்பது உண்மை. சொத்து நிர்வாகத்துக்கான வழக்கைத் தொடுத்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் கட்டளை 13-ஆம் விதிப்படி நீதிமன்றம் முதலில் கணக்கெடுக்க உத்தரவிடும். 301-ஆம் பிரிவின்கீழ், பொறுப்பற்ற நிறைவேற்றாளரை இடைநிறுத்தவோ நீக்கவோ உயர் நீதிமன்றத்தை அணுகலாம்; இதற்குப் புரொபேட் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு நிபந்தனை போடவில்லை. உயில்படி வரவேண்டிய பங்கைக் கேட்டு வழக்குத் தொடுக்க, அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் இவையெல்லாம் நோய் முற்றிய பிறகு போகும் ஆஸ்பத்திரி. வழக்குத் தீர்ப்பாவதற்குள் வீடு மூன்று கைமாறி, இடிக்கப்பட்டு, அடுக்குமாடியாகியிருக்கும். விதிகளை மீறிய விற்பனைகூடத் தானாகச் செல்லாததாகிவிடாது. யாராவது வந்து கேட்டால்தான் ரத்தாகும். கேட்க வேண்டியவருக்கு விஷயமே தெரியாதபோது அந்தப் பாதுகாப்பு ஏட்டளவில் நின்றுவிடும்.

பயனாளிகளின் பக்கமும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கணக்குக் கேட்கும் உரிமை நிர்வாகத்தை நடத்தும் உரிமை ஆகாது. எந்த நிலத்தை முதலில் விற்பது, எந்தக் கடனை எப்போது அடைப்பது என்று ஐந்து பேர் ஐந்து பக்கம் இழுத்தால் கடன் கொடுத்தவர்களே நஷ்டப்படுவார்கள். பயனாளிகள் வாங்கிய பங்கைக்கூடக் கடன் கொடுத்தவர் திரும்பக் கேட்கலாம் என்று 361-ஆம் பிரிவு எச்சரிக்கிறது. தீர்மானம் நிறைவேற்றாளருடையது, தகவல் எல்லோருடையது என்ற பிரிவினை போதும். வங்கியிலும் இன்சூரன்ஸிலும் நாமினியாகப் பெயர் போட்டவரே பணத்துக்குச் சொந்தக்காரர் என்ற தவறான எண்ணத்தை உச்ச நீதிமன்றம் 1984-ல் இன்சூரன்ஸ் பாலிசி விஷயத்திலும், 2023-ல் பங்குப்பத்திரங்கள் விஷயத்திலும் திருத்தியது. நிறைவேற்றாளரைப் பற்றியும் அதே மயக்கம் நம் வீடுகளில் இருக்கிறது.

உயில் எழுதுகிறவர்கள் இதைப் பெருமளவு முன்கூட்டியே தீர்க்க முடியும். நிறைவேற்றாளரின் பெயரை எழுதும் அதே பத்தியில், இத்தனை நாளுக்குள் சொத்துப் பட்டியலின் நகலை எல்லாப் பயனாளிகளுக்கும் தர வேண்டும், எல்லோருடைய எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் குடியிருக்கும் வீட்டை விற்கக் கூடாது என்று இரண்டு வாக்கியம் சேர்த்தால் போதும். அசையாச் சொத்தைப் பொறுத்தவரை அந்தத் தடைக்கு 307-ஆம் பிரிவே பலம் தரும். பயனாளிகள் தங்கள் பங்குக்கு, ஓராண்டு முடியும்வரை வாய்மூடி இருக்காமல், முதல் சில மாதங்களிலேயே உயிலின் நகலையும் பட்டியலையும் மரியாதையான ஒரு கடிதத்தில் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தலாம். பெரிய சொத்தோ மைனர் பயனாளியோ இருந்தால், கட்டாயமில்லாவிட்டாலும் புரொபேட் வாங்கும்படி நிறைவேற்றாளரை வற்புறுத்துவது நல்லது. நாடாளுமன்றம் செய்ய வேண்டியதும் சிறிய திருத்தம்தான். 317-ஆம் பிரிவின் கெடு, நிறைவேற்றாளர் சொத்தைப் பொறுப்பேற்ற நாளிலிருந்து தொடங்க வேண்டும். புரொபேட் இல்லாதபோது பட்டியலும் கணக்கும் நீதிமன்றத்துக்குப் பதிலாகப் பயனாளிகள் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர வேண்டும். நிறைவேற்றாளர் என்ற முறையில் எழுதப்படும் கிரயப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவுசெய்வதற்கு முன், அந்தப் பட்டியல் அனுப்பப்பட்டதற்கான அத்தாட்சியும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.